இரண்டு முறை பெருக்கிய நூறு

ஹாடோ, போர்ட் பிளேர்
3-3-2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

கமலவேணி எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால், அண்ணியின் தலைவலி, உன் அஜீரணம் மூன்றும் எப்படி இருக்கின்றன? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

இதை உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு மூன்றாவது மாதம் நடக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே பூத்துக்காரர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். நான் உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவார். அதுவும் தவிர, நாலு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததை நினைத்துப் பயந்துகொண்டு, மூன்று மாதம் ஆகட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். லேடி டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். துறைமுகத்தில் கிரேன் வடம் அறுந்து விழுந்தாலும் நிதானமாக நோட்டில் எழுதிக்கொள்கிற மனுஷன் உன் மாப்பிள்ளை. இப்போது நான் தும்மினால் செருப்பில்லாமல் ஓடி வருகிறார். ஸ்கூலில் கரும்பலகையில் உயரமாக எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஒன்பதாம் வகுப்பு ஜியாமெட்ரியை உட்கார்ந்தபடி நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, பிரசவத்துக்கு நான் அங்கேதான் வருவேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வருகிற குழந்தை. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும், எனக்குத் தைரியம் வந்துவிடும். செப்டம்பர் கடைசி என்று நாள் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் நீயே சொல்லு. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புத் தங்கை
கமலவேணி

*

ரெட்டியார்பாளையம்
16-3-2002

அன்புத் தங்கை கமலாவுக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணிக்கு நான் வீட்டில் இல்லாத நேரத்தில் தலைவலி வருவதில்லையாம். என் அஜீரணம் உன் கடிதத்தோடு போய்விட்டது.

அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். மீன் விற்கிற ஆயம்மாவிடம், "செப்டம்பர் கடைசியில எனக்குப் பால்சுறா வேணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றாளாம். அந்த அம்மாள், "மொதல்ல புள்ள பொறக்கட்டும்மா, சுறா எங்க ஓடிப் போவுது" என்று சிரித்திருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற மீனை ஆறு மாதம் முன்னாலேயே சொல்லி வைத்த முதல் பெண் நம் அம்மாவாகத்தான் இருக்கும்.

நீ வருவதற்குள் பின்னறையை உனக்கென்று ஒழித்து வைக்கிறேன். காற்று நேராக வரும் அறை அதுதான்.

கல்லூரியில் எனக்கு இப்போது தலைக்குமேல் வேலை. ஆய்வுக் குழு வருகிறதென்று பிரெஞ்சுக்காரன் காலத்து அலமாரிகளைத் திறந்து ஒழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். லேப் அசிஸ்டென்ட் என்று என்னை ஒருவனை வைத்திருப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தான். நேற்று ஒரு தேக்குப் பெட்டி கிடைத்தது. கம்பியைத் தொடாமலே, அதைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரத்தின் இழுப்பு எவ்வளவு என்று அளக்கிற கருவி. மின்புலம் என்பார்கள். முகப்பில் பிரெஞ்சில் 'நிலைமின் அலகு, ஒரு சென்டிமீட்டருக்கு' என்று போட்டிருக்கிறது. அந்தக் கால அலகு. இப்போது எல்லாரும் மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்றுதான் சொல்வார்கள்.

நம் பின்கட்டு ஓரமாகப் போகிறதே உயரழுத்தக் கம்பி, அதன் கீழே கொண்டுபோய் அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்து வீட்டு முருகையன் ஏதோ பத்திரிகையை நறுக்கி வைத்துக்கொண்டு, இந்தக் கம்பியால்தான் தன் மாடு பால் குறைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறார். அவர் வாயை அடைக்க ஒரு கணக்கு வேண்டும்.

கனமான எதையும் தூக்காதே. ஜியாமெட்ரி பாக்ஸ்கூட வேண்டாம்.

உன் அண்ணன்
சக்கரபாணி

*

ஹாடோ
2-4-2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். எனக்கு வாந்தி நின்றுவிட்டது, பசி ஆரம்பித்திருக்கிறது. இப்போது இந்தத் தீவில் பயப்பட வேண்டியது உன் மாப்பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டுதான். அங்கே எல்லாரும் சுகம்தானே?

நாள் பார்த்தாயிற்று. ஆனிக் கடைசியில், ஜூலை பத்தாம் தேதி இங்கே வளைகாப்பு. ஆடி பிறந்துவிட்டால் புறப்படக்கூடாது என்று மாமியார் கடிதம் போட்டுவிட்டார். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தால் எட்டு மாதம் ஆகிவிடும், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கப்பல் என்றால் மூன்று நாள் ஆட்டம், டாக்டர் கூடவே கூடாது என்கிறார். ஆக, ஜூலை பதினைந்தாம் தேதி விமானம்தான் எனக்கு வழி. அதை விட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். உன் சம்மதம் வந்ததும் டிக்கெட் எடுப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாய்வீட்டுக்குப் போக என்ன சம்மதம் என்று கேட்டேன். மைத்துனர் வீடு, ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை என்கிறார். சரி, மரியாதைக்கு ஒரு வரி எழுதிப் போடு.

உன் பெட்டி என்ன சொன்னது? முருகையன் மாட்டுக்கு நியாயம் கிடைத்ததா?

அன்புத் தங்கை
கமலவேணி

*

ரெட்டியார்பாளையம்
25-4-2002

அன்புத் தங்கை கமலாவுக்கு,

எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். இந்த வருஷம் இங்கே வெயில் அதிகம். போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அந்த வாடை உனக்கு ஆகாது. போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அம்மாவை நான் அங்கே அனுப்பி வைக்கிறேன். மூன்று மாதம் உன்னோடு இருப்பாள். உனக்கும் அலைச்சல் இல்லை.

மாப்பிள்ளையிடம் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லு.

உன் அண்ணன்
சக்கரபாணி

*

ஹாடோ
6-5-2002

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உப்புத் தண்ணீர், வெள்ளையடிப்பு, வெயில். புதுச்சேரியில் என்றைக்கு வெயில் இல்லை? முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்குகிற அம்மாவை நடுக்கடலுக்கு அனுப்புகிறாயா? என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

வர வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று எழுது. அண்ணிக்குப் பிடிக்கவில்லையா? போன தடவை வந்து எல்லாரையும் அழவைத்துவிட்டுப் போனேனே, மறுபடியும் அப்படி ஆகிவிடும் என்று பயமா? நான் ராசியில்லாதவள் என்று யாராவது சொன்னார்களா? உன் மாப்பிள்ளையிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. "இன்னும் பதில் வரலை" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரணம் எழுது. அது வரும்வரை நான் எழுதமாட்டேன்.

கமலவேணி

*

ரெட்டியார்பாளையம்
30-5-2002

அன்பு நாத்தனார் கமலாவுக்கு,

உன் அண்ணி அஞ்சலாட்சி எழுதிக்கொள்வது. நீ எப்படி இருக்கிறாய், வயிற்றில் பிள்ளை அசைய ஆரம்பித்துவிட்டதா? இங்கே உடம்பால் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இருபது நாளாக அலைகிறார். துவைக்கப் போட்டபோது எடுத்துப் படித்தேன். அண்ணிக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், உன் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்று தோன்றியது. கோபம் போய்விட்டது, நீயும் மறந்துவிடு.

நடந்தது இதுதான். கல்லூரியிலிருந்து அந்த மரப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பின்கட்டில், கம்பிக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைத்துப் பார்த்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் என்னவோ பெருக்கினார். அதோடு விட்டாரா? தினம் சாயங்காலம் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு. பின்னறைக் கட்டிலை முன்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். அத்தையைக் கொல்லையில் துணி காயப்போட விடுவதில்லை. வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டார். என்னதான் ஆச்சு, சொல்லித் தொலையுங்க என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"கம்பியிலேர்ந்து வர்றது இருக்க வேண்டிய அளவுக்கு இருபத்து நாலு மடங்கு இருக்குது அஞ்சலா" என்றார். "இருந்தா இருக்கட்டும், இத்தினி வருஷமா நாம இங்கதானே கெடக்குறோம்" என்றேன். "நாம கெடக்கலாம். நாலு வருஷத்துக்கு முன்ன அவ வயித்துப் புள்ளையோட இங்க வந்து பின்னறையில படுத்திருந்தா. பத்தாம் நாளு கலைஞ்சிப்போச்சி. இது என் வீடு பண்ண வேலைடி. இன்னொண்ணையும் கொண்டாந்து குடுன்னு எப்படி அவளக் கூப்புடுவேன்?" என்றார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கம்பி ஓர மனை வேண்டாம் என்று அப்போது உங்கள் அப்பாகூடச் சொன்னாராம், இவர்தான் காற்று வரும் என்று பிடிவாதமாக வாங்கினாராம். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். உனக்கு எழுதினால் நீ பயந்துபோய் அதனாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று என்னையும் எழுதக்கூடாது என்றார்.

எனக்கு அந்த அலகு கிலகு ஒன்றும் புரியாது. நீ கணக்கு டீச்சர், உனக்குப் புரியும். அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. பின்னறைக்கு உனக்கென்று தலையணைக்குப் புது உறை தைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணி
அஞ்சலாட்சி

*

ஹாடோ
8-6-2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். குழந்தை நன்றாக உதைக்கிறது.

அண்ணி எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே, திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, முள் எங்கே நின்றது, எதை எதால் பெருக்கினாய், எல்லாவற்றையும் வரிசையாக எழுது. விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் மார்க் போடுவதில்லை. உனக்கும் அதேதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போஸ்ட் பண்ணு. டிக்கெட்டுக்கு உன் மாப்பிள்ளை இம்மாதக் கடைசிவரை நாள் வாங்கியிருக்கிறார்.

கமலவேணி

*

ரெட்டியார்பாளையம்
15-6-2002

அன்புத் தங்கை கமலாவுக்கு,

குழந்தை உதைக்கிறது என்ற வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மற்றதைப் படிக்கவில்லை. எல்லாரும் சுகம். அண்ணியைத் திட்டவில்லை, அவள்தான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். பயப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கருவியின் முகப்பு: நிலைமின் அலகு, ஒரு சென்டிமீட்டருக்கு. பின்கட்டு நடுவில் முள் 0.04-ல் நிற்கிறது. ஒருநாள் இல்லை, முப்பது நாளாக அதே 0.04. மொட்டைமாடியில் 0.06. பின்னறைக்குள் முள் அசையவே இல்லை, ஆனால் அதை நான் நம்பவில்லை. பழைய பெட்டி, அறைக்குள் சரியாக வேலை செய்யாது என்று நினைக்கிறேன்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான். எண்பத்தாறில் பாடத்திட்டம் மீட்டர் கணக்குக்கு மாறியபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான் எல்லாப் பிரெஞ்சுப் பெட்டிகளுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். இதில் '× 30,000 வோல்ட்' என்று எழுதியிருக்கிறேன். 0.04-ஐ முப்பதாயிரத்தால் பெருக்கினால் 1,200 வோல்ட். இது ஒரு சென்டிமீட்டருக்கு. மீட்டருக்கு மாற்ற நூறால் பெருக்க வேண்டும். 1,20,000.

கல்லூரி லைப்ரரியில் ஒரு ஆங்கில இதழில் பார்த்தேன். பொதுமக்கள் இருக்கிற இடத்தில் மீட்டருக்கு ஐயாயிரத்துக்குமேல் போகக்கூடாதாம். நம் பின்கட்டில் இருபத்து நாலு மடங்கு. கம்பி தரையிலிருந்து சுமார் பத்து மீட்டர் உயரம். மின்துறை ஆள் ஒருவரை விசாரித்தேன், 110 கிலோவோல்ட் என்றார்.

இதுதான் கணக்கு. கம்பி ஓரம் என்று தெரிந்தேதான் அந்த மனையை வாங்கினேன். நீ தொண்ணூற்றெட்டில் வந்தபோது காற்று வரும் என்று நானேதான் உன்னைப் பின்னறையில் படுக்கச் சொன்னேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உப்புத் தண்ணீர் என்றெல்லாம் எழுதினேன். என்னை மன்னித்துவிடு. நீ அங்கேயே இரு அம்மா.

உன் அண்ணன்
சக்கரபாணி

*

ஹாடோ
22-6-2002

என் அசட்டு அண்ணாவுக்கு,

நான் சுகம், குழந்தை சுகம், உன் மாப்பிள்ளை சுகம். நீயும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது சுகமாகிவிடுவாய். எழுத்து கோணலாக இருக்கிறதா? சிரித்துச் சிரித்துத்தான்.

உன் கணக்குக்குப் பூஜ்யம் மார்க்.

முதலில் விடையைப் பார். பெரிய விடை வந்தால், இப்படி இருக்க முடியுமா என்று ஒரு தடவை யோசிக்கும்படி என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். மீட்டருக்கு 1,20,000 வோல்ட் என்கிறாய். கம்பி பத்து மீட்டர் உயரத்தில். அப்படியானால் தரைக்கும் கம்பிக்கும் நடுவில் பன்னிரண்டு லட்சம் வோல்ட் இருக்க வேண்டும். கம்பியில் ஓடுவதே 1,10,000-தான் என்று நீயே அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். கிட்டத்தட்டப் பதினோரு மடங்கு வோல்ட்டை அந்தக் கம்பி யாரிடமிருந்து கைமாற்று வாங்கிக்கொண்டு வந்தது? எங்கள் ஸ்கூல் ஃபிசிக்ஸ் மாஸ்டர் இளஞ்செழியனிடம் காட்டினேன். கம்பிக்குப் பக்கத்தில் புலம் இன்னும் அதிகமாக இருக்கும், அதையும் சேர்த்தால் உன் கணக்கு இன்னும் மோசம் என்றார்.

தப்பு எங்கே என்றும் பார்த்துவிட்டோம். பழைய நிலைமின் அலகு ஒன்று என்பது 300 வோல்ட். ஆக, சென்டிமீட்டருக்கு ஒரு அலகு என்றால் சென்டிமீட்டருக்கு 300 வோல்ட். மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர், எனவே மீட்டருக்கு 30,000. புரிகிறதா? உன் சீட்டில் இருக்கிற முப்பதாயிரத்துக்குள் நூறு ஏற்கெனவே இருக்கிறது! நீயேதான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் சேர்த்திருக்கிறாய். 'மீட்டருக்கு' என்று எழுத மட்டும் சோம்பல். இப்போது அதன்மேல் இன்னொரு நூறு. உன் பின்கட்டில் இருப்பது மீட்டருக்கு 1,200 வோல்ட். ஐயாயிரத்தில் கால் பங்குகூட இல்லை. மொட்டைமாடியில் 1,800. பின்னறையில் முள் அசையாததற்கும் காரணம் உண்டு. செங்கல் சுவர் இந்தப் புலத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாதாம். வெளியே முள் சொன்னதை நம்பினாய், உள்ளே அதே முள் நல்ல சேதி சொன்னால் பெட்டி பழசு என்கிறாய்.

நான் சொல்வதையும் நம்பாதே. லேபில் இரண்டு தகட்டைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்து. நடுவில் 120 வோல்ட் கொடு. அது மீட்டருக்கு 1,200. பெட்டியை உள்ளே வை. முள் 0.04-ல் நின்றால் நான் ஜெயித்தேன்.

அண்ணா, இனிமேல் எழுதப்போவது கணக்கு இல்லை. உன்னிடம் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை.

தொண்ணூற்றெட்டில் நான் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை இரண்டாம் மாதத்திலிருந்தே வளரவில்லை, நிற்காது என்று. தானாகக் கலைந்துவிடும், அப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்றார். அதைத் தெரிந்துகொண்டுதான் அம்மாவிடம் வந்தேன். உன் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வந்து இறங்கியதும் அம்மா முகத்தைப் பார்த்தேன். நீ ஸ்டேஷனில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நின்றாய். எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளாவது எல்லாரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் சொன்னால், தெரிந்தே ஏமாற்றினாள் என்று நினைப்பீர்களோ என்று சொல்லவில்லை. அதை நீ உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன் வீடு எனக்கு ஒன்றும் செய்யவில்லை அண்ணா. அந்தப் பத்து நாளும் அந்தப் பின்னறையில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். சீக்கிரம்.

உன் தங்கை
கமலவேணி

*

ரெட்டியார்பாளையம்
1-7-2002

என் தங்கை கமலாவுக்கு,

'வா' என்று ஒரே வார்த்தையில் நான் கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தந்தி ஆபீஸ் பெண், இன்னும் சில வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம் சார் என்றாள். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

உன் கடிதம் வந்தபோது கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே கணக்கு வரைக்கும் படித்தேன். சாப்பாட்டுக் கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டு நேராக லேபுக்குப் போனேன். இரண்டு அலுமினியத் தகடு, பத்து சென்டிமீட்டர், நூற்றிருபது வோல்ட். முள் எழுந்து 0.04-ல் நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். 0.04. ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். ஃபிசிக்ஸ் ஹெட் எட்டிப் பார்த்து, "என்னய்யா, சிரிக்கிறீரா அழறீரா?" என்றார். ரெண்டும்தான் சார் என்றேன்.

மற்றப் பெட்டிகளின் சீட்டில் சென்டிமீட்டரை மீட்டராக்குகிற நூறு சேர்ந்திருக்காது. கடைசியில் நூறு போடுவது என் கைவழக்கம். இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் அந்த வயசில் ரொம்பப் புத்திசாலித்தனமாக எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். சீட்டில் இப்போது 'மீட்டருக்கு' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பஸ்ஸில் வரும்போது படித்தேன். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. நாலு வருஷம் நீ தனியாகச் சுமந்திருக்கிறாய், நான் இந்த இரண்டு மாதத்துக்கே வீட்டை விற்கப் பார்த்தேன். நீ ஏமாற்றவில்லை கமலா. மல்லிகைப்பூவோடு நின்ற அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நீ கொடுத்த பத்து நாள்.

உன் அண்ணியிடம் முழுக்கச் சொன்னேன். எழுந்துபோய்க் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "நிக்கிறீங்களே, அந்தாண்ட புடிங்க" என்றாள். கட்டில் பின்னறைக்குப் போய்விட்டது. "இனிமே இந்த ஊட்டுல எதுனா பெருக்கறதா இருந்தா என்னக் கேட்டுட்டுப் பெருக்குங்க" என்று உத்தரவு. அம்மா கொல்லை முழுக்கத் துணி காயப்போட்டிருக்கிறாள்.

முருகையனிடம் போய், கம்பியால் ஒன்றும் ஆபத்தில்லை, கணக்கு சரியாகிவிட்டது என்றேன். மனுஷனுக்கு ஏமாற்றம். "அப்ப என் மாடு ஏன் பால் குறைச்சிச்சி?" என்கிறார். அதை அளக்க என்னிடம் பெட்டி இல்லை.

பதினைந்தாம் தேதி மீனம்பாக்கத்தில் நிற்பேன். இரண்டு மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இன்று அண்ணி மூன்றாவது தடவை சோறு போட்டுவிட்டு வெறும் பாத்திரத்தைக் காட்டிவிட்டாள்.

உன் அண்ணன்
சக்கரபாணி

*

ரெட்டியார்பாளையம்
9-10-2002

மாப்பிள்ளை ஜானகிராமன் அவர்களுக்கு,

மைத்துனன் சக்கரபாணி எழுதுவது. இங்கே தாயும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள். நீங்கள் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கமலா கேட்கிறாள். உண்மையை எழுதவும்.

போனில் பெண் குழந்தை என்று சொன்னதும் உங்கள் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் கத்தினேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள் என்று பூத்துக்காரர்தான் சொன்னார். கமலா அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் சரிதான்.

செப்டம்பர் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். சுகப்பிரசவம். ஆயம்மா சொன்ன சொல் தவறாமல் பால்சுறா கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழந்தையையும் பார்த்துவிட்டுப் போனாள். மூக்கு உங்களுடையது என்று அம்மா சொல்கிறாள், அஞ்சலாட்சி ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் இருபதாம் தேதி வந்து தீர்ப்புச் சொல்லவும்.

குழந்தைக்குக் கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. பயப்படாதீர்கள், பிறந்த குழந்தைக்கு வருவதுதானாம், ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் இளவெயில் காட்டச் சொன்னார் டாக்டர். நம் வீட்டில் காலை வெயில் பின்கட்டில்தான் நேராக விழும். கமலா தூங்கிக்கொண்டிருந்ததால், நேற்று நானே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு தடவை கொட்டாவி விட்டாள். என்னவோ பேசிக்கொண்டே இருந்தேன் அவளிடம், என்ன பேசினேன் என்று தெரியவில்லை. "போதும்டா, உள்ள எடுத்தா" என்று அம்மா குரல் கொடுத்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

எழுந்தபோது தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். தலைக்குமேல் கம்பி போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கே இருப்பதே எனக்கு நினைவில்லை மாப்பிள்ளை.

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
சக்கரபாணி